தந்தையின் தொழில்

எங்கட அப்பா றோட்டுப் போடுறவர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலும் அவர் வேலை செய்யாத பெரிய வீதிகள் குறைவு. நான் கம்பஸுக்கு எடுபட்டு மகாபொலவுக்கு விண்ணப்பித்தபோது, வருமானச் சான்றிதழில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் கிராம அலுவலர் ஒரு சொல் எழுதினார்: கூலி. அவரில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கட்டத்துக்குள் அதற்கு மேல் எழுத இடமும் இருக்கவில்லை. எங்கட ஊரில் அரைவாசிப் பேருக்கு அவர் அதே சொல்லைத்தான் எழுத வேண்டியிருக்கும். அரிவு வெட்டப் போறவை கூலி, கச்சான் பிடுங்கப் போறவை கூலி, மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறவை கூலி. அப்பாவும் கூலி.

இந்தச் சொல் கொஞ்சம் விசித்திரமானது. தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கிற காசு. வெள்ளைக்காரர் காலத்தில் அது ஆளின் பெயராகி, கப்பல் ஏறி, மலாயா, பிஜி, நாத்தால் எல்லாம் போனது. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் தமிழில் இருந்துதான் போனதா, குஜராத் பக்கத்துக் கோலி என்ற சாதிப் பெயரில் இருந்து போனதா என்று இன்றைக்கும் வாதம் இருக்கிறது. எங்கிருந்து போயிருந்தாலும் திரும்பி வரும்போது ஆளைக் குறிக்கிற சொல்லாக வந்து எங்கட படிவங்களுக்குள் குந்திவிட்டது. ஆசிரியரை யாரும் ‘சம்பளம்’ என்று எழுதுவதில்லை. வைத்தியரை ‘பீஸ்’ என்று எழுதுவதில்லை.

அப்பா செய்கிற வேலைக்கு என்ன பெயர் என்று அவரையே கேட்டேன். “றேக் பிடிக்கிறது” என்றார். காபெட் போடுற குழுவில் மெசினுக்கு ஒரு ஓப்பரேட்டர், றோலருக்கு ஒரு ஓப்பரேட்டர், டிப்பருக்கு றைவர். மிச்ச ஆட்கள் சவலோடும் றேக்கோடும் நிற்பார்கள். றேக் என்றால் நீளக் கைபிடி போட்ட, அகலமான இரும்பு வாரி. வீதியில் நேரான பகுதியைப் பேவர் மெசின் தானே பரவிக்கொண்டு போகும். மதகு வருகிற இடம், வளைவு, ஒழுங்கை வந்து ஏறுகிற வாய், பழைய தார் முடிந்து புதுத் தார் தொடங்குகிற பொருத்து, இதெல்லாம் கையால்தான். ஒரு வீதி எங்கே முதலில் உடையும் என்று கேட்டால் இதே இடங்களைத்தான் சொல்லுவார்கள். வீதியின் ஆயுள் றேக் பிடிக்கிறவர்களின் கையில் இருக்கிறது என்று நான் எழுதினால், சொந்த அப்பா என்றபடியால் கூட்டி எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் அவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன், நீங்களே யோசியுங்கள்.

டிப்பர் வந்து தறப்பாளைக் கழற்றியவுடன் கலவையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை அடித்தால் பிளான்ரிலேயே கருக வைத்துவிட்டார்கள். குவியல் கூம்பு மாதிரி விறைத்து நின்றால் வழியில் ஆறிப்போய்விட்டது. மினுமினுத்துக்கொண்டு தட்டையாகச் சரிந்தால் தார் கூடிவிட்டது, வெயிலுக்கு மேலே கசியும். இஞ்சினியர் சேரின் கையில் வெப்பமானி இருக்கும். அது கலவைக்குள் போய் முள் ஏறி முடியுமுன் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். கலவை வரும்போது ஏறத்தாழ 150 பாகையில் இருக்கும். அது 90 பாகை அளவுக்கு இறங்குவதற்குள் றோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். பிறகு எத்தனை தரம் உருட்டினாலும் கல் ஒன்றோடொன்று நெருங்காது, உள்ளே வெறும் இடம் இருக்கும், மாரியில் தண்ணி அதற்குள் இறங்கும். வன்னியில் கோடைக்குத்தானே வேலை, வெயில் கொளுத்தும், ஆறாது என்று நினைப்போம். ஆனால் ஆடி மாதம் சோளகம் அடிக்கும்போது மேற்பரப்பு சட்டென்று ஆறிவிடும். “வெயிலுக்குப் பயமில்லை, காத்துக்குத்தான் பயம்” என்பார்.

ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டுமென்றால் ஆறு, ஆறேகால் அளவுக்கு விட வேண்டும், றோலர் ஏற மிச்சம் அமரும். இந்தக் கணக்கைப் பேவருக்கு அடித்துக் கொடுக்கலாம். கையால் போடுகிற இடத்தில் கண்தான் அளவு. நடு உயர்ந்து இரு கரையும் இறங்க வேண்டும், மூன்றரை மீற்றர் அகல ஒரு பாதைக்குக் கிட்டத்தட்ட ஒன்பது சென்ரிமீற்றர் இறக்கம். இல்லாவிட்டால் மழைத்தண்ணி நடுவில் நின்றுவிடும். இதைவிட முக்கியம், றேக்கைக் கூட இழுக்கக் கூடாது. கூட இழுத்தால் பெரிய கல்லெல்லாம் மேலே திரண்டுவிடும், பொடி கீழே போய்விடும், அந்த இடம் ஒரு வருசத்தில் பொரிந்து வரும். புதிதாக வேலைக்கு வருகிற பெடியள் செய்கிற முதல் வேலை இதுதான். அப்பா பேசுவது எனக்கு மனப்பாடம்: “டேய் தம்பி, முத்தம் கூட்டுற மாதிரிக் கூட்டாத. வைச்சிட்டு விடு.” சவலால் எறிந்தாலும் இதே கதைதான், கல் வேறு பொடி வேறாகப் பிரியும். எறியக் கூடாது, கொண்டுபோய் வைக்க வேண்டும். 150 பாகைச் சூட்டில் இருக்கிறதை, கீழே கால் வேக, ஒரு சவல் ஒரு சவலாக மெதுவாக வைப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தார் என்று நாங்கள் சொல்வதும் தார் இல்லை. நிலக்கரியில் இருந்து எடுத்த தார் பழைய காலத்துச் சங்கதி. இப்போது வருவது மசகெண்ணெயை வடித்தெடுத்த பிறகு அடியில் மிஞ்சுகிற பிற்றுமன். பரலில் 60/70 என்று அடித்திருக்கும். அது என்ன இலக்கம் என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தேடிப் பார்த்துத்தான் தெரியும்: 25 பாகையில் 100 கிராம் பாரத்தோடு ஒரு ஊசியை வைத்தால், ஐந்து செக்கனில் அது ஆறிலிருந்து ஏழு மில்லிமீற்றர் வரை இறங்க வேண்டும். சொன்னபோது அப்பா சிரித்தார். “அப்ப என்ர செருப்பில குத்திப் பாக்கச் சொல்லு.”

செருப்பு என்றது பாட்டாவை. பூட்ஸ் கொடுக்கிற கொம்பனிகளும் உண்டு, கொடுக்காத ஆட்களும் உண்டு. கொடுக்காத இடத்தில் பாட்டாவுக்கு மேல் பாட்டா கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு சோடி பத்து நாளைக்கு மேல் தாங்காது. எங்கட வீட்டுக் கிணற்றடியில் அப்பாவின் வேலை உடுப்புக்குத் தனி வாளி. அதற்குள் வேறு உடுப்புப் போட்டால் அம்மா கத்துவா. கையில் ஒட்டிய தாருக்குத் தேங்காயெண்ணெய், அதற்கும் போகாவிட்டால் மண்ணெண்ணெய். சுட்ட இடத்தில் ஒட்டியிருந்தால் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும், தண்ணிக்குள் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது எங்கட வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம்.

விடிய ஐந்தரைக்குச் சந்தியில் கன்ரர் வந்து ஏற்றும். சோத்துப் பார்சல் அம்மா நாலரைக்கே கட்டிவிடுவா. பத்து மணிக்கு பிளேன்ரியும் பணிசும். வேலை மாசி பங்குனியில் தொடங்கி புரட்டாதி வரை. ஐப்பசியில் மழை இறங்கினால் காபெட் வேலை நின்றுவிடும், அப்பா காலபோக விதைப்புக்குப் போவார். இதனால்தான் வன்னியில் றோட்டு வேலைக்காரர், வயல் வேலைக்காரர் என்று இரண்டு சனம் இல்லை. ஒரே ஆட்கள்தான் மாதத்தைப் பார்த்து மாறுகிறார்கள். கிராம அலுவலரின் ஒரு சொல்லுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அம்மாவும் ஒரு கோடை முழுக்க றோட்டில் நின்றவ. கொடி பிடிக்கிற வேலை. வீதியில் ஒரு பக்கத்துக்கு வேலை நடக்கும்போது மற்றப் பக்கத்தால் மட்டும் வாகனம் விட வேண்டும், இரண்டு முனையிலும் ஒவ்வொருவர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நிற்பார்கள். பெரும்பாலும் பெண்கள். புருசன் இல்லாத, காணாமல் போன, காயப்பட்டு வீட்டில் இருக்கிற குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். ஒரு கையில் வோக்கி, அதற்கு பற்றரி பாதி நாளில் முடிந்துவிடும். முடிந்தால் என்ன செய்யிறது என்று கேட்டேன். ஒரு பூவரசந்தடியை முறித்து, விடுகிற வாகனங்களில் கடைசி வாகனத்துச் சாரதியிடம் கொடுத்துவிடுவார்களாம். அந்தத் தடி மற்ற முனைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம், அங்கிருந்து விடலாம். ஒருநாள் ஒரு சொகுசு பஸ்காரன் தடியை யன்னலால் எறிந்துவிட்டுப் போய்விட்டான். மற்ற முனையில் நின்ற அக்கா தடி வரும் வரைக்கும் விடமாட்டேன் என்று சிவப்புக் கொடியோடு நின்றுவிட்டாவாம். முக்கால் மணித்தியாலம். இராணுவ வாகனமும் நின்றதாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். கொடி பிடிப்பவளுக்கு அன்றைய நாட்சம்பளம் ஆண்களைவிட இருநூறு ரூபா குறைவு. அதைச் சொல்லும்போது அந்தச் சந்தோசம் வராது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏ35 என்று வரைபடத்தில் இருக்கும். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று போகும். 2009 தை மாதத்தில் இருந்து நாங்கள் போனதும் அதே வரிசைதான். எனக்கு அப்போது ஆறு வயது, உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானைகளுக்கு மேல் இருந்தது ஞாபகம். பாட்டி சுதந்திரபுரத்தைத் தாண்டவில்லை. வைகாசியில் வட்டுவாகலால் வெளியே வந்து, ஓமந்தை, பிறகு செட்டிகுளம் மனிக் பாம். 2010இல் ஊருக்கு விட்டார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. அப்பாவுக்குக் கிடைத்த முதல் வேலை றோட்டு வேலை. ஏ9இன் வடக்குப் பகுதியைச் சீனாவின் எக்சிம் வங்கிக் கடனில் போட்ட காலம் அது. வீதிக் கரையில் மண்டையோட்டுப் பலகைகள் நின்றன. சிவப்புத் தடி நட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்கும் போக வேண்டாம், மூத்திரம் பெய்யவும் போக வேண்டாம் என்பதுதான் முதல்நாள் கொடுத்த பயிற்சி என்று அப்பா சொல்லுவார். கண்ணிவெடி எடுக்கிற பிள்ளைகள் ஒரு பக்கத்தில் குந்தியிருந்து அங்குலம் அங்குலமாகக் கிண்ட, மற்றப் பக்கத்தில் றோலர் ஓடியது.

பிறகு ஏ35 திருத்த வேலையும் வந்தது. அப்பா அதிலும் நின்றார். சுதந்திரபுரப் பக்கம் வேலை போன நாட்களில் அவர் லீவு எடுக்கவில்லை, எடுத்தால் சம்பளம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவும் இல்லை. அந்தக் கிழமை முழுக்க வழமையைவிட நேரத்துக்குப் படுத்தார் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு முந்தியும் எங்கட குடும்பம் றோட்டில்தான் இருந்திருக்கிறது. தாத்தா (மலையகப் பழக்கத்தில் அப்பாவின் அப்பா எங்களுக்குத் தாத்தா, அம்மாவின் அப்பா மட்டும் ஊர் வழக்கத்தில் அம்மப்பா) மாத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்து 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். பாரதிபுரம், மலையாளபுரம், தருமபுரம் பக்கமெல்லாம் அப்படி வந்த குடும்பங்கள் நிறைய. காடு வெட்டிக் குடியேறினார்கள். காணி கொஞ்சம், தண்ணி இல்லை, அதனால் கல்லுடைக்கப் போனார்கள். கிறஷர் வராத காலம். தாத்தா பெரிய கல்லை உடைக்க, பாட்டி வீதியோரத்தில் ஓலைப் பந்தல் ஒன்றின் கீழ் இருந்து சுத்தியலால் சல்லி அடிப்பா. கியூப் கணக்கில் சம்பளம். ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி உயரத்துக்குச் சல்லி குவித்துப் பாருங்கள், விளங்கும். குவியலின் உள்ளே மண் வைத்து ஏமாற்றுகிறார்களா என்று ஓவசியர் கம்பியால் குத்திப் பார்ப்பாராம். பாட்டிக்கு அது பெரிய அவமானம். செத்துப்போகும் வரைக்கும் ‘குத்திப் பாத்தான்’ என்றுதான் அந்த ஓவசியரைப் பற்றிக் கதைப்பா.

தாத்தாவுக்கு நீண்ட காலம் வாக்கும் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை, மிச்சமிருந்தவர்களுக்கு முழுதாகத் திருப்பிக் கொடுக்க 2003 வரை எடுத்தது. தோட்டக்காட்டான் என்ற சொல்லை வன்னியில் இன்னும் கேட்கலாம். கோயில் திருவிழாவில், கலியாணப் பேச்சில், சில நேரம் பள்ளிக்கூட வகுப்பறையிலும். அப்பா இங்கேயே பிறந்து, இந்த மொழியைப் பேசி, இந்த இடப்பெயர்வெல்லாம் சேர்ந்து இடம்பெயர்ந்தவர். ஆனாலும் சவல் பிடிக்கிற குழுவையும், அந்தக் குழுவை மேய்க்கிற ஆட்களையும் பிரித்துப் பார்த்தால் எந்த ஊர்க்காரர் எந்தப் பக்கம் என்று உங்களுக்கு ஒரு மாதிரித் தெரிந்துவிடும். இதைப் பற்றி எங்கட பக்கத்தில் அதிகம் எழுதப்படுவதில்லை. போராலும் இடப்பெயர்வாலும் எல்லோரும் ஒன்றாகிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

நான் வரலாறு படிக்கிறேன். இரண்டாம் வருசத்தில் 1848 கலகம் வந்தது. எல்லோரும் வீரபுரன் அப்பு, கொங்காலேகொட பண்டா என்று எழுத, எனக்கு அந்த வருசத்து வீதிச் சட்டம்தான் மனதில் நின்றது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு ஆணும் வருசத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும். பிக்குகளையும் இதற்குள் இழுத்ததில் எதிர்ப்பு வலுத்து, பிறகு அவர்களை விட்டுவிட்டார்கள். காசுள்ளவன் காசைக் கட்டினான், இல்லாதவன் கல் சுமந்தான். அதற்கும் முன்னுக்கு இராஜகாரியம், 1832 வரை. ஆகவே இந்த நாட்டில் வீதி போடுவது நீண்ட காலமாகத் தொழிலாகப் பார்க்கப்படவில்லை. அது வரி. வேறு ஒன்றும் கொடுக்க இல்லாதவன் உடம்பால் கட்டுகிற வரி. தோமஸ் ஸ்கின்னர் என்ற இராணுவ அதிகாரி பதினாறு வயதில் கண்டி வீதி வேலையில் தொடங்கி, இலங்கையின் பெரிய வீதிகளையெல்லாம் போட்டார் என்று புத்தகங்களில் இருக்கும். அவரே நினைவுக் குறிப்பும் எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழே தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவந்த பயனியர் படை கல்லும் மண்ணும் சுமந்தது. அவர்களில் ஒருவரின் பெயரையாவது எங்கேயாவது பார்த்தீர்களா?

இப்போதும் அப்படித்தான். வேலை நடக்கும்போது வீதியோரம் ஒரு பெரிய பலகை வைப்பார்கள்: திட்டத்தின் பெயர், நிதி வழங்குநர், ஆலோசகர், ஒப்பந்தக்காரர், தொகை, தொடங்கும் திகதி, முடியும் திகதி. முடிந்த பிறகு கல் வைப்பார்கள், மூன்று மொழியில், திறந்து வைத்தவரின் பெயரோடு. தமிழில் எழுத்துப்பிழை நிச்சயம் ஒன்று இருக்கும் (நான் சேர்த்துக்கொண்டு வருகிறேன், இதுவரை பதினொரு கல் பார்த்தாயிற்று). காபெட் வீதியைச் சனம் ஒரு கொடையாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ‘இன்னார் போட்டுத் தந்த றோட்டு’ என்பார்கள். வாங்கிய கடனை வட்டியோடு நாங்கள்தான் கட்டுகிறோம், போட்டதும் எங்கட ஆட்கள்தான், பிறகு தந்தது யார்? எங்கட ஒழுங்கை, அப்பா வீட்டுக்கு வருகிற ஒழுங்கை, இன்றைக்கும் கிறவல்தான். பிரதேச சபைக்குரிய வீதி, காசு வரும்போது பார்க்கலாம் என்று இருக்கிறது. மாரியில் அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வருவார். அதில் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. “கிறவலில தண்ணி உறிஞ்சும், காபெட்டைப் போட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்டால் எங்கட வீட்டுக்குள்ளதான் வரும்” என்பார். 2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்து ஊரெல்லாம் வெள்ளம் நின்றபோது, தண்ணி எந்த மதகடியில் தேங்கும் என்று முதல் நாளே அவர் சொன்னார். அங்கேதான் தேங்கியது.

2022 வந்தது. நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்த வருசம். டீசல் இல்லை, பிற்றுமன் இறக்க டொலர் இல்லை, செய்த வேலைக்கு ஒப்பந்தக்காரர்களுக்கு அரசாங்கத்தில் இருந்து காசு வரவில்லை. பேவர் மெசின்கள் யாட்டில் புல் முளைத்து நின்றன. எங்கட வீட்டில் உடுப்பு வாளி காய்ந்து கிடந்தது. அந்த வருசம் அப்பா செய்யாத வேலை இல்லை: கிணறு இறைத்தார், வேலி அடைத்தார், விறகு வெட்டி விற்றார், யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீட்டுக்கு மண் சுமந்தார். எல்லாவற்றையும் நன்றாகத்தான் செய்தார். ஆனால் ஒன்றைப் பற்றியும் வீட்டுக்கு வந்து கதைக்கவில்லை. றோட்டு வேலை நாட்களில் சாப்பிடும்போது அன்றைய பொருத்து எப்படி வந்தது, எந்த டிப்பர் ஆறி வந்தது என்று எங்களுக்கு விளங்குதோ இல்லையோ சொல்லிக்கொண்டிருப்பார்.

நிறுத்தும்போது கடைசி ஏழு கிழமைச் சம்பளம் அப்பாவின் குழுவுக்கு வரவில்லை. கொம்பனிக்குக் கீழே ஒரு துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒருவர். யாரைக் கேட்டாலும் மற்றவரைக் காட்டினார்கள். அதை விடுங்கள், அதற்குப் பாதியாவது பிறகு வந்தது. ஈ.பி.எவ் தான் பெரிய பிரச்சினை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில் கொடுப்பவர் 12 கட்ட வேண்டும். ஈ.ரி.எவ்க்கு மேலதிகமாக 3. நிரந்தரம், தற்காலிகம், நாட்சம்பளம் என்ற பாகுபாடு அதில் கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாளில் இருந்து உரித்து. மாதம் 50,000 உழைத்தால் ஈ.பி.எவ் மட்டும் 10,000. பன்னிரண்டு வருசம் றோட்டில் நின்ற மனிதனுக்கு அது எவ்வளவு வந்திருக்க வேண்டும்? ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். அப்பாவுக்கு இப்போது 47. அவருடைய கணக்கில் இருப்பது ஒரே ஒரு கொம்பனி ஒன்பது மாதம் கட்டிய காசு.

இங்கேதான் அந்தச் ‘கூலி’ என்ற சொல் எங்களுக்கு வெறும் சொல்லாக இல்லாமல் போகிறது. தொழிலுக்குப் பெயர் இல்லை என்றால் தொழில் கொடுத்தவருக்கும் பெயர் இல்லை. கூலி என்றால் இன்றைக்கு வந்தான், இன்றைக்கு வாங்கினான், போனான். றோலர் ஓப்பரேட்டருக்கு லைசன்ஸ் இருக்கிறது, அதில் அவர் பெயர் இருக்கிறது, கொம்பனி அவரைப் பதிய வேண்டியிருக்கிறது. றேக் பிடிக்கிறவருக்கு ஒன்றும் இல்லை. தம்பி ஓ.எல் எழுதிவிட்டு இருக்கிறான், அப்பாவோடு போக ஆசைப்படுகிறான். அப்பா அவனிடம் சொன்னது: “வாறதெண்டால் மெசின் பழகிக்கொண்டு வா. என்ர பக்கம் வராத.” தம்பிக்கு அது ஏமாற்றம். அப்பாவின் கை வேலையைப் பார்த்துத்தான் அவனுக்கு ஆசை வந்ததே. மெசினைப் பார்த்து இல்லை.

தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு கொடுக்கலாம் என்று என் பாட்ச் பிள்ளை ஒருத்தியின் அண்ணா சொன்னார். நிலுவையை மிகைக் கட்டணத்தோடு அறவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எங்கே, யாரிடம், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை வேலை செய்தார் என்று கொடுக்க வேண்டும். அப்பாவிடம் சம்பளச் சீட்டு ஒன்றும் இல்லை, எல்லாம் கடித உறையில் வந்த காசு. அதனால் இந்த விடுமுறையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி நானும் அப்பாவும் இருந்து எழுதத் தொடங்கினோம். வருசம் கேட்டால் அவருக்கு வராது. ஆளின் பெயர் கேட்டால் பாதிதான் வரும். வீதியைச் சொன்னால் எல்லாம் வரும். மாங்குளம்–முல்லைத்தீவு என்றால், ஒட்டுசுட்டான் பக்கம் என்ன மாதம், எந்தக் கறுப்பு டிப்பர், யார் சோறு சமைத்தது, அன்றைக்கு மழை வந்து எத்தனை லோட் கலவை வீணாய்ப் போனது. நான் அதிலிருந்து திகதியைப் பிடிக்கிறேன். அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே, “அது நீ கொலசிப் எழுதின வருசம், அப்ப அவருக்குக் கால் சுட்டு நிண்டவர்” என்று இடையில் வெட்டுவா. அதுவும் ஒரு திகதி, ஏனென்றால் ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறது.

இதுவரை பதினான்கு வீதி எழுதியாயிற்று. ஆறுக்கு ஒப்பந்தக்காரர் யாரென்று தெளிவாகத் தெரியும். மூன்றுக்கு அப்பாவோடு வேலை செய்த ஆட்கள் கையெழுத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் அம்மாவோடு கொடி பிடித்த அக்காமார். ஒன்றில் மட்டும் இடம் சரியாக வரவில்லை. மதகுகளுக்குக் கிலோமீற்றர் இலக்கமும் சேர்த்து நம்பர் அடித்திருப்பார்கள், அந்த வேலை 14/2இல் தொடங்கியதா 14/3இல் தொடங்கியதா என்று அப்பாவுக்குச் சந்தேகம். அந்த இடத்தில் பொருத்து கொஞ்சம் உயர்ந்து நிற்கும், பார்த்தால் அடையாளம் கண்டுவிடுவேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.